ஆறு நாள் நான் அழித்த மணல் திட்டு

முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், பெரிய படிப்பு படித்து வந்திருக்கும் உங்களுக்கு எழுத உட்காருவது சரியில்லை என்று எனக்கே தெரிகிறது. நாலு பேர் இருக்கும் இடத்தில் பெயரைச் சொல்லச் சொன்னாலே அடுத்தவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். ரேவதி மேடம்தான் விடவில்லை. வாயால் சொல்ல வேண்டாம், எழுதிக் கொடுங்கள், புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்றார்கள். மேடத்திடம் மறுத்துப் பேசவும் எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது நீங்கள் வேலை செய்யும் கூடம் முன்பு தக்காளி மண்டிக்காரர் ஒருவரின் கிடங்கு. மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு போகிற பஸ்ஸில் வருகிறவர்கள் இன்றும் "மண்டி ஸ்டாப்" என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். கடல் இங்கிருந்து ஒரு ராத்திரி பஸ் பயணம். இங்கே வந்து கடலுக்குத் தொட்டி கட்டுகிறாரே என்று, இந்தக் கூடத்தைத் தொடங்கிய சாரைப் பார்த்து ஊரில் சிரித்தார்கள். அந்தக் கிடங்கு நின்றது சாரின் குடும்ப நிலத்தில். சென்னையில் இவ்வளவு பெரிய கூரைக்கு வாடகை கொடுக்க அவரிடம் வசதி இல்லை. காரணம் அவ்வளவுதான்.

அந்தத் தொட்டியைக் கட்ட வந்த சித்தாள்களில் நானும் ஒருத்தி. கட்டி முடிந்ததும், வரைபடத்தில் உள்ளபடி மணல் பரப்ப ஆள் வேண்டும் என்று சார் கேட்டார். கொத்தனாரிடம் ஏழு வருஷம் மட்டப்பலகை பிடித்த கை என்னுடையது. இருந்துவிட்டேன். போன வருஷம் முழங்கால் தேய்ந்து, தண்ணீரில் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லும் வரை அங்கேதான் இருந்தேன்.

எங்கள் வேலை என்ன என்பதை, நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். அலை கரைக்கு நேராக வருவதில்லை. கொஞ்சம் சாய்ந்துதான் வருகிறது. அப்படி வரும்போது கரை மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகிறது. தெற்குக் காற்றுக் காலத்தில் வடக்கே, வாடைக் காலத்தில் தெற்கே. ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் ஆற்று வெள்ளம் ஒரு பக்கம் தள்ளும், கடல் ஏறி இறங்குவது ஒரு பக்கம் இழுக்கும், அலை குறுக்கே வரும். நடுவில் அகப்பட்ட மணல் எங்கே போய்ப் படுக்கும் என்பதுதான் கேள்வி. அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஒரு ஊரின் கடற்கரையைத் தொட்டிக்குள் சின்னதாகச் செய்து, பலகையை மோட்டாரால் ஆட்டி அலை எழுப்பி, மதகை ஏற்றி இறக்கிக் கடல் ஏற்றத்தைக் கொண்டுவந்து பார்க்கிறோம். அதே ஊரை ரேவதி மேடம் கம்ப்யூட்டரிலும் ஓட்டிப் பார்ப்பார்கள்.

மோட்டாரைப் பார்த்துக்கொண்டவர் நஞ்சப்பன். வீட்டில் கன்னடம், வெளியில் தமிழ், மோட்டாரிடம் இரண்டும் பேசுவார். தினமும் காலையில் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு, "அக்கா, கடல ஓட்டலாங்களா?" என்று கேட்பார். நான் தலையை ஆட்டினால்தான் ஓட்டுவார். வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

சொல்ல வந்தது ஒரே ஒரு நாளைப் பற்றி. ஆனால் அதற்கு முன் நடந்த இன்னொன்றைச் சொன்னால்தான் அது விளங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம். ஓட்டம் முடிந்ததும் தொட்டித் தண்ணீரை வடிக்க வேண்டும். வால்வை ஒரே மூச்சில் திறக்கக் கூடாது. கால் சுற்று திறந்து, கால் மணி நேரம் காத்திருந்து, மறுபடி கால் சுற்று. அன்றைக்கு என் பெண்ணுக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்தது. ஐந்து மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறரைக்குத்தான். வால்வை இரண்டு சுற்று திறந்துவிட்டுப் போய்விட்டேன். மறுநாள் வந்து பார்த்தால், வேகமாக ஓடின தண்ணீர் மணலை அறுத்து, கண்ட இடத்தில் குவித்துவைத்திருந்தது. ஒன்பது நாள் வேலை வீண்.

பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, சாரும் ஒரு பலகையை எடுத்துக்கொண்டு எங்களோடு இறங்கினார். மூன்று நாள் குனிந்து மணல் பரப்பினார். பழக்கமில்லாத உடம்பு. அடுத்த ஒரு வாரம் முதுகை நிமிர்த்த முடியாமல் கூன் போட்டபடி கூடத்துக்குள் நடந்தார். அந்தக் கூன் முதுகைத் தினமும் பார்த்தேன். இனி என்னால் ஒரு மணல் குவியல் அங்கே விழக் கூடாது என்று மனதில் ஏறிவிட்டது. நல்ல பாடம் என்றுதான் நினைத்தேன்.

பல வருஷம் போனது. ஒரு மீனவக் கிராமத்தின் முகத்துவாரம் எங்களிடம் வந்தது. அலையைத் தடுத்து வாய்க்காலைத் திறந்துவைக்க இரண்டு பக்கமும் பாறாங்கல் போட்டுத் தூண்டில் வளைவு கட்டுவது என்று மீன்வளத் துறை முடிவு செய்திருந்தது. கடலுக்குள் நீளும் கல் கரை. தெற்குக் கை நீளம், வடக்குக் கை குட்டை. படகுகள் வடக்குக் கையை ஒட்டித் திரும்பிக் கடலுக்குப் போகும். இந்த அமைப்பில் வழி அடைபடாமல் இருக்குமா என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை.

தொட்டியில் ஒரு நாள் ஓட்டம் அங்கே ஒரு வருஷம். காலையில் தெற்குக் காற்றில் தொடங்கி, மத்தியானம் வாடையும் ஆற்று வெள்ளமும் வந்து, வெள்ளம் வற்றுவதோடு சாயங்காலம் முடியும். ராத்திரி முழுக்க மணல் ஈரம் இறங்கட்டும் என்று விட்டு, காலை ஏழரைக்கு நான் வந்து மேலே பொருத்திய கேமராவில் படம் எடுப்பேன். அந்தப் படங்களைப் பார்த்துத்தான் மேடம் கம்ப்யூட்டரைச் சரி செய்வார்கள்.

முதல் ஓட்டத்துக்கு மறுநாள் காலை படம் எடுக்கப் போனேன். முகத்துவாரத்துக்கு வெளியே, வடக்குக் கையின் நுனிக்கு எதிரே, ஒரு விரல் கணு உயரத்துக்கு மணல் குறுக்கே படுத்திருந்தது. வரைபடத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

வடிகால் இருப்பதும் அந்தப் பக்கம்தான். முந்தின நாள் சாயங்காலம் வால்வு திருப்பும்போது போன் அடித்தது, அதை எடுத்தது நினைவுக்கு வந்தது. அப்போது கை கூடுதலாகத் திருப்பிவிட்டதோ? சாரின் முதுகுதான் கண் முன்னால் வந்தது. கூடத்தில் யாரும் இல்லை. மட்டப்பலகையை எடுத்தேன். நாலு இழுப்பு. வரைபடத்தில் உள்ளபடி ஆகிவிட்டது. அப்புறம் படம் எடுத்தேன்.

அன்று சாயங்காலம் வால்வை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பினேன். காலையில் மறுபடி அதே இடத்தில் அதே குவியல். வால்வுக்குள் ரப்பர் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். வாஷர் மாற்றுங்கள் என்று நஞ்சப்பனிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. அவரும் மாற்றினார். மூன்றாம் நாளும் குவியல் இருந்தது. அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மூன்றாவதைச் சொன்னால் முதல் இரண்டையும் சொல்ல வேண்டும். இப்படியே ஆறு நாள் ஆனது. ஆறாம் நாள் அதை இழுத்து மட்டம் செய்யும்போது எனக்குப் பயம்கூட வரவில்லை. முற்றம் பெருக்குகிற மாதிரி கை தானாகச் செய்தது.

கட்டட வேலையில் மட்டம் இல்லாதது எல்லாம் தப்பு. அந்தக் கண்ணோடுதான் நான் தொட்டிக்குள் இறங்கியிருக்கிறேன், இத்தனை வருஷத்திலும். கட்டடத்திலிருந்து இந்த வேலைக்கு வருகிற யாரும் இதே தப்பைச் செய்யக் கூடும். நீங்கள் படித்தவர்கள், உங்களுக்கு வேறு மட்டப்பலகை இருக்கும். திரையில் கோடு வழவழப்பாக வராவிட்டால் அதை இழுத்துச் சரிசெய்யும் பொத்தானை நானும் பார்த்திருக்கிறேன்.

ஏழாம் நாள் துறையிலிருந்து அதிகாரி வந்தார். அந்த ஊர்ப் பஞ்சாயத்தார் சார்பில் கலியமூர்த்தி என்பவரும் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் வெந்த உடம்பு. ராத்திரி பஸ்ஸில் தருமபுரி வந்து இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து வந்திருந்தார். தொட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். கோயில் இருக்கும் இடத்துக்கு அடையாளமாக நாங்கள் ஒரு சிவப்புச் செங்கல் வைத்திருந்தோம். அதைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து கையால் அளந்து, தொட்டிச் சுவருக்கு வெளியே நஞ்சப்பனின் டூல் பாக்ஸ் இருந்த இடத்தைக் காட்டினார்.

"இங்கதான் நம்ம வீடு."

"அட, உங்க வூட்டு மேலயா ஒரு வாரமா ஸ்பேனர் வெச்சிருக்கறன்? மன்னிச்சுக்குங்க" என்று நஞ்சப்பன் பெட்டியை நகர்த்தினார். அதிகாரிகூடச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தொட்டிக்குள், கணுக்கால் தண்ணீரில், தெற்கு ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். கேட்கிறவர்களுக்கு இடம் காட்டுவது என் வேலை.

அதிகாரி விஷயத்துக்கு வந்தார். ஆறு நாள் படங்களையும் சுவரில் ஒட்டியிருந்தோம். ஆறு வருஷம் ஓடியும் வழி திறந்தே இருக்கிறது, கம்ப்யூட்டரும் அதையே சொல்கிறது, மாதிரியைப் பார்வையிட்டேன் என்று ஊர் சார்பில் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். கல் குவாரியில் லாரிகள் நிற்கின்றன, நாளைக் காலையில் ஏற்றத் தொடங்குவார்கள்.

கலியமூர்த்தி பேனாவை வாங்கினார். எழுதவில்லை. படங்களையே பார்த்தார்.

"திட்டு எங்கங்க?" என்றார்.

எந்தத் திட்டு என்று அதிகாரி கேட்டார். வாடை ஓய்ந்து ஆறு வற்றினதும், வாய்க்கு நேரே மணல் திட்டு ஒன்று வருஷா வருஷம் விழும் என்று அவர் சொன்னார். போன வருஷம் கரை திரும்பின படகு அதில் மோதித்தான் கவிழ்ந்தது. அதில் அவருடைய அண்ணன் மகன் இறந்துபோனான். வரப்போகும் வடக்குக் கை, படகுகளை நேராக அந்த இடத்துக்குத்தான் திருப்பிவிடும் என்று தோன்றுகிறது என்றார். இதையெல்லாம் அவர் குரலை உயர்த்தாமல், கணக்கு வாத்தியாரிடம் சந்தேகம் கேட்பது போலத்தான் சொன்னார்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பொறுமையாகவே பதில் சொன்னார். இப்போது இருக்கிற முகத்துவாரத்தில் திட்டு விழலாம், கல் கட்டின பிறகு ஓட்டம் மாறிவிடும், திட்டு விழாது. தொட்டியில் ஆறு தடவை ஓட்டியும் விழவில்லையே, பாருங்கள் என்றார்.

கலியமூர்த்தி எங்கள் சாரைப் பார்த்தார். சார் படங்களைப் பார்த்தார். படங்கள் மட்டமாக இருந்தன.

"கல்லு வேணும்னு பத்து வருசமா மனு குடுத்தது நாங்கதான்" என்றார் கலியமூர்த்தி. "இப்ப வேணாம்னு சொன்னா ஊருக்குள்ள என்னைய வுட மாட்டாங்க. சரி, தொட்டி சொன்னா சரிதான்." பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த இடத்தில் எனக்கு என்ன ஓடியது என்று நேர்மையாகச் சொல்கிறேன். முதலில் ஓடியது அவருடைய அண்ணன் மகன் இல்லை. வால்வுதான். ஆறு நாள் மெதுவாக வடித்தும், ரப்பர் மாற்றியும், ஒரே இடத்தில் அது ஏன் விழுந்தது என்று அப்போதுதான் உறைத்தது. என் தப்பு என்று நினைத்து நான் மறைத்த குவியல் என் தப்பால் வந்ததே இல்லை. அந்தத் தொட்டி ஆறு நாளும் இவர் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லியிருக்கிறது. நான் ஆறு நாளும் அதன் வாயைப் பொத்தியிருக்கிறேன். கம்ப்யூட்டரும் திட்டு இல்லை என்றது, ஏனென்றால் அதற்கு என் படங்களைக் காட்டித்தான் பழக்கியிருந்தார்கள்.

சொன்னால் வேலை போகும். அது பரவாயில்லை. சாரை அதிகாரி முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும். துறை இனி இந்தக் கூடத்துக்கு வேலை தராமல் போகலாம். நஞ்சப்பன், மேடம், எல்லார் பிழைப்பும் போகும். இவர்கள் எல்லாரும் போன பிறகு சாரிடம் தனியாகச் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அது ரொம்ப நியாயமாகவும் பட்டது. ஆனால் பேனா தாளுக்குப் போய்விட்டது.

"இருந்துச்சுங்க" என்றேன்.

குரல் எனக்கே கேட்கவில்லை. நஞ்சப்பனுக்கு மட்டும் கேட்டிருக்கும் போல. "அக்கா என்னமோ சொல்றாங்க" என்றார் அவர்.

"திட்டு இருந்துச்சுங்க சார். ஆறு நாளும் இருந்துச்சு. நாந்தான் மட்டம் பண்ணிட்டங்க. தண்ணி வடிச்சதுல என் கைத் தப்புன்னு நெனச்சுட்டன்."

அதிகாரி முதலில் என்னைப் பார்த்தார், பிறகு சாரை. சாரின் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது, நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கைகாட்டப் போனதை மட்டும் அவர் பார்த்துவிட்டார்.

"மேரி, எங்கன்னு காட்டாத. வாயாலயும் சொல்லாத" என்றார். "பலகைக்குப் பின்னால எழுது."

தொட்டி ஓரத்தில் அடிக்கு அடி எண் எழுதியிருப்பது உங்களுக்குத் தெரியும். நான் சாக்பீஸால் என் மட்டப்பலகையின் பின்பக்கம் எழுதிக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் சாருக்கு எப்படி அது தோன்றியது என்று இன்றுவரை நினைக்கிறேன். கோபப்பட அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு, நான் சொல்வது நிஜமா, இவர் சொன்னதைக் கேட்டு இரக்கப்பட்டு உளறுகிறேனா என்று பிரித்துப் பார்க்க வழி தேடியிருக்கிறார்.

கலியமூர்த்தியிடம் உங்கள் திட்டு எங்கே விழும் என்று காட்டச் சொன்னார். அவர் செருப்பைக் கழற்றினார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கினார். தொட்டிக்குள் கடல் பக்கமாகப் போய் நின்று, ஊரைப் பார்த்துத் திரும்பினார்.

"கோயில் தெரியுது. பனை எங்க?"

எந்தப் பனை என்று மேடம் கேட்டார்கள். ஊருக்கு மேற்கே ஒற்றைப் பனை உண்டாம். படகிலிருந்து பார்க்கும்போது கோயிலும் பனையும் ஒன்றின் பின் ஒன்றாகச் சேரும் இடத்துக்கு நேரே திட்டு இருக்கும். அதை வைத்துத்தான் அவர்கள் விலகி வருவார்களாம். மேடம் வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். கலியமூர்த்தி அதில் விரல் வைத்துக் காட்டி, தொட்டியில் அதே இடத்தில் தன் தண்ணீர் பாட்டிலை வைக்கச் சொன்னார். நஞ்சப்பன் வைத்தார். கலியமூர்த்தி ஒரு கண்ணை மூடிக்கொண்டு, செங்கல்லும் பாட்டிலும் சேரும் வரை பக்கவாட்டில் நகர்ந்தார். பிறகு கரையை நோக்கி மூன்று அடி எடுத்துவைத்து, நான் இடம் காட்ட வைத்திருந்த மூங்கில் குச்சியை வாங்கி நட்டார்.

நஞ்சப்பன் ஓரத்தில் எண்ணைப் படித்தார். "இருபத்திரெண்டரை."

நான் பலகையைத் திருப்பினேன். இருபத்து மூன்று என்று எழுதியிருந்தேன்.

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இது போதாது என்றார். அவர் சொன்னதும் சரிதான். சித்தாள் ஒருத்தியின் பேச்சையும் ஒரு குச்சியையும் வைத்து லாரிகளை நிறுத்த முடியாது. எனக்குக் கண்ணால் காட்டுங்கள், நான் மூன்று மணிக்குக் கிளம்பி சேலத்தில் ரயில் பிடிக்க வேண்டும் என்றார். அப்போது மணி பத்தே கால்.

முழு ஓட்டத்துக்கு நேரம் இல்லை. வாடைக் காலத்தையும் வெள்ளம் வற்றுவதையும் மட்டும் ஓட்டலாம் என்று சார் முடிவு செய்தார். மூன்று மணி நேரம் அதற்கு. நஞ்சப்பன் சுவிட்சில் கை வைத்தார். வழக்கமாகக் கேட்பதைக் கேட்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

அந்த மூன்று மணி நேரம் பற்றி எழுத ஒன்றும் இல்லை. பலகை ஆடியது, தண்ணீர் கலங்கலாக இருந்தது, அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. கலியமூர்த்தி தொட்டிச் சுவரில் உட்கார்ந்தே இருந்தார். சாப்பாடு வந்தது. அவர் தொடவில்லை.

ஒன்றேகாலுக்கு மோட்டாரை நிறுத்தினார்கள். இனி என் வேலை. வால்வைக் கால் சுற்று திறந்தேன்.

எவ்வளவு நேரம் ஆகும் என்று அதிகாரி கேட்டார். மூன்று மணிக்கு மேல் ஆகும் என்றேன். கொஞ்சம் வேகமாக வடியுங்கள் என்றார். நான் அசையவில்லை. இரண்டரை மணிக்கு வந்து பக்கத்தில் நின்றார். இன்னும் தண்ணீர் கலங்கலாகத்தான் இருந்தது. ரயில் போய்விடும், என் கண்ணால் பார்க்காமல் நான் ஒன்றும் செய்ய முடியாது, லாரி கிளம்பிவிடும் என்றார். சாரிடமும் சொன்னார். சார் என்னைப் பார்த்தார், ஆனால் திற என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எல்லாரும் ஒரே பக்கம் இழுக்கும்போது இருக்கும் பயம் உங்களுக்கும் ஒரு நாள் வரும். அரை சுற்று கூடுதலாகத் திறந்தால் அவர் பார்த்துவிடுவார், லாரி நிற்கும். திட்டு எப்படியும் அங்கே இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் வேகமாக வடித்த பிறகு தெரிகிற திட்டைக் காட்டி, இது கடல் போட்டதா, நான் போட்டதா என்று நாளைக்கு யாராவது கேட்டால் என்னிடம் பதில் இருக்காது. ஆறு நாளாக எனக்கே இல்லாத பதில் அது.

"மெதுவாத்தாங்க வடிக்கணும்" என்றேன். "வேகமா வுட்டா, திட்டு என்னுதா கடலுதான்னு தெரியாமப் போயிருங்க. ரெயிலு போனா வேற ரெயிலு இருக்குங்க."

இத்தனை பேச்சை ஒரு அதிகாரியிடம் நான் அதுவரை பேசினதில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றரைக்குத் தண்ணீர் தெளிந்து அடிமணல் தெரியத் தொடங்கியது. வடக்குக் கைக்கு எதிரே முதலில் ஒரு கோடு மாதிரிதான் தெரிந்தது. பிறகு தண்ணீர் அதன் இரண்டு பக்கமும் பிரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஈர மணல் முதுகு காட்டிக்கொண்டு முழுதாக மேலே வந்தது. மூங்கில் குச்சி அதன் நடுவில் நின்றது.

கலியமூர்த்தி குந்தி உட்கார்ந்து பார்த்தார். "இதுல போய்த்தான் புள்ள மோதுனான்" என்றார். என் பக்கம் திரும்பி, "காலு வெறச்சுப்போயிருக்குமே, ஏறி வா தங்கச்சி" என்றார். அப்போதுதான் காலையிலிருந்து நான் தண்ணீரிலேயே நிற்பது எனக்குத் தெரிந்தது.

அதிகாரி போனில் படம் எடுத்தார். வெளியே போய் நெடுநேரம் பேசினார். திரும்பி வந்து, கையெழுத்து இல்லாத தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். நாளைக்குக் கல் ஏற்றமாட்டார்கள், ஆனால் இந்த வருஷத்துக்கு இந்தத் திட்டம் இனி நடக்குமா என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார். கலியமூர்த்தி அதைக் கேட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். ஊரில் போய் என்ன சொல்வாரோ என்று நினைத்தேன். கேட்கவில்லை.

அந்த வருஷம் நடக்கவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. அதற்கும் பிறகுதான் வடக்குக் கையை நீளமாக்கி, வளைத்துக் கட்டினார்கள். நடுவில் இருந்த இரண்டு வாடைகளில் அந்த முகத்துவாரத்தில் படகு ஏதும் கவிழ்ந்ததா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கத் தைரியம் இல்லை. முதல் நாள் காலையிலேயே சாரைக் கூப்பிட்டு இதைப் பாருங்கள் என்று சொல்லியிருந்தால், வரைபடத்தை அந்த வாரமே மாற்றியிருப்பார்கள், திட்டம் தள்ளிப் போயிருக்காது என்று மட்டும் தெரியும். கடைசி நிமிஷத்தில் நான் வாயைத் திறந்ததைப் பற்றி மேடம் உங்களிடம் பெருமையாகச் சொல்லலாம். ஆறு நாள் மூடியிருந்ததையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வரைபடத்தில் இல்லாத ஒன்றைக் கண்டால், அது உங்கள் தப்பால் வந்தது என்று நிச்சயமாகத் தோன்றினாலும், கை வைப்பதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். திட்டு வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதிகாரி வந்துபோன மறுநாள் காலை ஏழரைக்கு நான் போனபோது சார் எனக்கு முன்னால் வந்திருந்தார். சுவரிலிருந்த ஆறு படங்களையும் எடுத்து மேஜையில் அடுக்கியிருந்தார். ஒவ்வொன்றிலும் "செல்லாது" என்று சிவப்பு மையில் எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். ஆறிலும் போட்டேன். திட்டை மட்டம் செய்யாமல் அப்படியே படம் எடுத்தேன். எட்டரைக்குத் தண்ணீர் விட்டோம். ஒன்பது மணிக்கு நஞ்சப்பன் மோட்டாரைப் போட்டார்.